இரண்டு பாத்தி தள்ளி

மான் மேய்ந்ததற்கு நஷ்டஈடு கேட்டால்
படம் வேண்டும், தேதியோடு, நேரத்தோடு
என்றார்கள் ஒடுகத்தூர் வனச்சரக அலுவலகத்தில்.
குளம்படி போதாதாம்.
ஆட்டுக்கும் அதுதானே என்றார்
முத்திரை மையில் விரல் கறுத்த ஒருவர்.

படமெடுப்பது எனக்குப் புதிதில்லை.
வேலூரில் பகலெல்லாம் அதுதான் பிழைப்பு.
சட்டையைக் கழற்றுங்கள், தோளை முன்னே தள்ளுங்கள்,
மூச்சை இழுத்துப் பிடியுங்கள்,
விடலாம்.
பத்தொன்பது வருடத்தில் எத்தனை விலா எலும்பு.
ஒரு முகம் நினைவில்லை.

கேமரா தந்தது பேரணாம்பட்டு ரிஸ்வான்,
விடுமுறையில் ஏரி ஏரியாய்ப் போய்க் கொக்கு எண்ணுகிறவன்.
செங்கல் அளவு, சேற்று நிறம்,
எட்டு பென்சில் பேட்டரி தின்னும்.
மனுஷ வாசனை படக்கூடாது, சோப்பு போடாம போங்க,
கிழக்க பாத்து கட்டாதீங்க, விடியல்ல எல்லாம் வெளுத்துடும் –
அவன் சொன்னதில் பாதியைக் கேட்டேன்.

மேலரசம்பட்டின் கடைசி வீட்டுக்கும் அப்பால்
மலை இறங்கிவந்து நிற்கிற இடத்தில் முக்கால் ஏக்கர்.
மல்லாட்டை காய் பிடித்திருந்தது.
வரப்புப் புங்கமரத்தில் பட்டையைச் சுற்றி
மானின் நெஞ்சு எவ்வளவு உயரம் என்று தெரியாமல்
இடுப்புக்கு வைத்துப் பார்த்தேன், முழங்காலுக்கு இறக்கினேன்.
பிறகு சோதனை.
ஈரப் பாத்திக்குள் நாலு காலில் தவழ்ந்தேன்
வேலைக்குப் போட்டுப்போன பேன்ட்டோடு,
தலையைக் குனிந்து, நிமிர்ந்து, மறுபடி குனிந்து.
சிவப்பு விளக்கு ஒருமுறை சிமிட்டியது.
மான்தான் என்று ஒப்புக்கொண்டது.

நாலு இரவு.
ஐந்தாம் நாள் அட்டையை உருவிக்கொண்டு போய்
எக்ஸ்ரே அறைக் கம்ப்யூட்டரில், சாப்பாட்டு நேரத்தில்.
முந்நூற்றுப் பன்னிரண்டு படம்.
புல். புல். காற்றில் ஆடிய அதே புல்.
யார் வீட்டு நாயோ.
என் பின்புறம்.
முயல் காது, மீதி முயல் இல்லாமல்.
புல்.

அப்புறம் பச்சையம்மாள்.
அடுத்த நிலத்துக்காரி.
குத்துக்காலிட்டு, முந்தானையை மடியாகக் கட்டி,
என் செடி ஒன்றைப் பிடுங்கி மண்ணை உதறுகிறாள்.
அந்த வெளிச்சத்தில் அவள் கருநீலப் புடவையும் வெள்ளை.
ஒரு கொட்டை வாயில்,
கன்னம் புடைத்திருக்கிறது.

அவள் முதுகுக்குப் பின்னால்
இரண்டு பாத்தி தள்ளி
புள்ளிமான். பெட்டை. வயிறு கனத்திருக்கிறது.
அதுவும் என் செடியைத்தான்.
காற்று மலையிலிருந்து இறங்கியிருக்க வேண்டும்,
இவள் வாசனை அதற்கு எட்டவில்லை.
அதன் சத்தம் இவளுக்கு எட்டவில்லை,
தன் மெல்லலே காதடைத்திருக்கும்.

ஓரத்தில் 04-01-2017, காலை 9.10.
கும்மிருட்டில்.
பேட்டரி போட்டதும் தேதியைத் திருத்த வேண்டுமாம்,
ரிஸ்வான் சொன்னதில் நான் கேட்காத பாதி.
அந்த ஜனவரியில் என் நிலத்தில் மல்லாட்டையே இல்லை.
கேழ்வரகு.

அவளை வெட்டிவிட்டு மானை வைக்கப் பார்த்தேன்.
மானின் முன்கால் அவள் தோளோடு போனது.
மானை வெட்டிவிட்டு அவளை வைக்கலாம்,
அதற்கு வேறு அலுவலகம்.
வெளியே அடுத்த ஆள் செருமினார்.
டிபன் டப்பாவை மூடினேன்.

ஞாயிற்றுக்கிழமை பட்டையை அவிழ்க்கும்போது
வரப்புக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டாள்:
இன்னா டப்பா அது?

மான் வருதான்னு பாக்க.

மானா! சிரித்தாள், அரிவாளால் முதுகைச் சொறிந்தபடி.
பத்து வருசமா இங்கதான் கீறேன்.
எல்லாரும் மானு மானுங்கறாங்க,
என் கண்ணுல ஒண்ணுகூட பட்டதில்ல.
ஒரு தபா பாத்துட்டா தேவல.
உன் டப்பால உழுந்துச்சா?

சட்டைப்பையில் போன். போனில் அவள், அது.
மூச்சு எங்கோ நின்றுகொண்டது எனக்கு.

புல்லுதான், என்றேன்.
ஒரு முயல் காது.